பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவளுக்கு ஒன்பது வருடம் இரண்டு மாதம்



பதிவு நீளம். பாதியில் விட்டுவிட்டு 'சூப்பர் சார்' என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள். இன்றைக்கு மட்டும் கடைசி வரை படியுங்கள். உங்களில் ஐந்தாறு பேர் மில்களில் டைம் ஆபீஸில் இருக்கிறீர்கள். இரண்டு பேர் ஆடிட்டர். ஒருவன் சொந்தமாகவே மில் வைத்திருக்கிறான். இது முக்கியமாக உங்களுக்குத்தான்.

போன மாதம் வேடசந்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன், இப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் சம்பளக் கணக்கு பார்க்கிறான். பேச்சு எப்படியோ பி.எஃப். பக்கம் போயிற்று. "சார், அவுங்களே பி.எஃப். பிடிக்க வேணாம்னுதான் சொல்றாங்க. கையில காசு குடுத்தாப் போதும்ங்கிறாங்க. நாங்க என்ன பண்றது?" என்றான். பாயசம் வந்ததால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் என் வீட்டுக்கு ஒருத்தி வந்தாள். 1983-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். அதோடு படிப்பு நின்றது. பெயர் போட வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். வயது 55 ஆகிறது, கணவர் இல்லை, எனக்கு இன்னும் பிள்ளைதான். 2012 ஜூனில் ஒரு மில்லில் கோன் வைண்டிங் வேலைக்குச் சேர்ந்து 2023 ஆகஸ்டு வரை இருந்திருக்கிறாள். 11 வருடம் 3 மாதம். மூச்சிரைப்பு அதிகமாகி நின்றுவிட்டாள். பென்ஷன் வருமா என்று கேட்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனால், அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பத்து வருசம் இல்லம்மா, 10சி போட்டு மொத்தமா எடுத்துக்கங்க" என்றிருக்கிறார்.

11 வருடம் வேலை பார்த்தவளுக்கு எப்படிப் பத்து வருடம் இல்லாமல் போகும்? கணக்கு வாத்தியார் ஆச்சே என்று என்னிடம் வந்தாள்.

பி.எஃப். இணையதளத்தில் அவள் பணி விவரத்தைத் திறந்தால் 'என்.சி.பி. நாட்கள்' என்று ஒரு கட்டம். பங்களிப்பு இல்லாத நாட்கள் என்று பொருள். சம்பளம் இல்லாத நாள் என்று மில் எழுதி அனுப்பும் நாளெல்லாம் அங்கே போய்ச் சேரும். ஞாயிறு விடுமுறை அதில் வராது. அவள் கணக்கில் 760 நாள். 11 வருடம் 3 மாதத்தில் 760 நாளைக் கழித்தால் நிற்பது 9 வருடம் 2 மாதம்.

"இவ்வளவு நாளா லீவு போட்டாய்?" என்றேன்.

"சார், நான் லீவே போட மாட்டேன். போட்டா வாரப்படி போயிரும்" என்றாள். பையிலிருந்து ஒரு கட்டு எடுத்துப் போட்டாள். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் தாள்கள். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளிலும் பேனாவால் 1 அல்லது 1½ என்று எழுதியிருந்தது. ஒரு ஷிப்டு, ஒன்றரை ஷிப்டு. சம்பளம் சரியாக வருகிறதா என்று பார்க்க அவளே வைத்துக்கொண்ட கணக்கு. நிறையத் தாள்கள் பேரப்பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போடப் போய்விட்டன. 41 மாதத்துக்கு மிச்சம் இருந்தது. அதே மாதங்களின் சம்பளச் சீட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. எட்டாம் வகுப்பில் இவளுக்குக் கணக்கில் நான் 38 போட்டிருக்கிறேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மூன்று நாள் உட்கார்ந்து கூட்டினேன். காலண்டரில் அவள் வேலை பார்த்த நாள் 984. சம்பளச் சீட்டில் வருகை என்று இருப்பது 748. வித்தியாசம் 236 நாள். அந்த 236 நாளுக்கும் காசு கொடுத்திருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் 'இன்சென்டிவ்' என்ற தலைப்பில் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்குப் பி.எஃப். பிடிக்கவில்லை, அந்த நாளும் நாளாக ஏறவில்லை. மில்லில் கோன் ஓடியிருக்கிறது, நூல் விற்றிருக்கிறது. காகிதத்தில் மட்டும் அவள் வீட்டில் இருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் கூட்டினேன். அந்த 984 நாளில் 612 நாளில் ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம். கூடுதல் 4 மணி நேரத்தை 612-ஆல் பெருக்கினால் 2,448 மணி. எட்டு மணி நேர நாளாக மாற்றினால் 306 நாள். இந்த 306 எங்கேயுமே இல்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரீட்சை இல்லை, கவனித்தால் போதும்.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16-ல் வந்தது. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 இதற்குப் போகிறது. ஒன்றிய அரசு 1.16 சதவீதம் போடுகிறது. தொழிலாளியின் 12 சதவீதம் முழுவதும் அவர் பி.எஃப். கணக்குக்கே போகிறது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணிக்கால வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம். குறைந்தது பத்து வருடப் பணிக்காலம் வேண்டும். மிச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் 9 வருடம் 6 மாதம் இருந்தாலே பத்துதான். இவளுக்குக் குறைவது நான்கு மாதம், சுமார் 120 நாள். அவள் பையில் இருந்த 41 தாளிலேயே 236 நாள் கிடக்கிறது.

இந்தத் திட்டம் நாளைப் பார்க்கிறது, மணியைப் பார்ப்பதில்லை. பி.எஃப். சட்டத்தில் அடிப்படைச் சம்பளத்துக்கு எழுதிய விளக்கத்திலேயே ஓவர்டைம் படி சேராது என்று இருக்கிறது. ஒரு நாளில் 8 மணி பார்த்தாலும் ஒன்று, 12 மணி பார்த்தாலும் ஒன்று. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், நீங்களே போட்டுப் பாருங்கள். தினம் 8 மணி, வருடம் 300 நாள், பத்து வருடம் என்றால் 24,000 மணி. அதே 24,000 மணியைத் தினம் 12 மணியாகப் பார்க்கிறவர் 6 வருடம் 8 மாதத்தில் முடித்துவிடுகிறார். உடம்பு பத்து வருடம் தேய்ந்துவிட்டது. நுரையீரலில் பத்து வருடப் பஞ்சு. பென்ஷன் கணக்கில் 6 வருடம் 8 மாதம். அதிலும் நாள் திருடினால் என்ன மிஞ்சும்?

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். இ.எஸ்.ஐ.யில் ஓவர்டைம் பணத்துக்கும் சந்தா உண்டு. 21,000 ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்ப்பதில்லை, சந்தா பிடிக்கும்போது சேர்க்கிறார்கள். சலுகையும் அதை வைத்தே வருவதால் அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதே மில்லில், அதே ஆளுக்கு, அதே ராத்திரி நான்கு மணி நேரத்துக்குக் கொடுத்த காசு ஒரு சட்டத்துக்குச் சம்பளம், இன்னொரு சட்டத்துக்குச் சம்பளம் இல்லை. இதை விளக்கிச் சொல்லும்படி ஒரு மாணவன் என்னிடம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இ.எஸ்.ஐ.யிலும் நாள்தான் சாவி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால்தான், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உடம்பு சரியில்லாமல் படுத்தால் 70 சதவீதச் சம்பளம். மாதத்துக்கு 13 நாள். காகிதத்தில் 12 நாள் காட்டினால் 72. ஆறு நாள் குறைவு, ஒரு பைசா கிடையாது. மகப்பேற்றுக்கு அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் சேர்த்து 70 நாள் வேண்டும். இருந்தால் 26 வாரச் சம்பளம். இல்லாவிட்டால் வெறும் வாழ்த்து. கிராஜுவிட்டிக்கு வருடம் 240 நாள். நிரந்தரம் கேட்க, தமிழ்நாட்டில் 1981-ல் போட்ட சட்டப்படி, 24 மாதத்தில் 480 நாள். டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் என் செல்வங்களே, இந்த எண்களெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 470-ல் ஆளை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் புது டோக்கன் போட்டு எடுக்கத் தெரிந்திருக்கிறதே.

இனி கல்யாணப் பந்திக் கேள்விக்கு வருகிறேன். 'அவுங்களே வேணாம்ங்கிறாங்க.'

தம்பி, உண்மைதான். சொல்கிறார்கள். என் காது படவும் சொல்லியிருக்கிறார்கள். 10,000 ரூபாய் சம்பளத்தில் 1,200 பிடித்தால் அந்த மாதம் சீட்டுப் பணம் கட்ட முடியாது. ஆனால் அவர் வேண்டாம் என்றால் அவருடைய 1,200 மட்டுமா நிற்கிறது? நீ கட்ட வேண்டிய 1,200-ம் நிற்கிறது. அதில் 833 அவருடைய பென்ஷனுக்குப் போக வேண்டியது. அரசு போட வேண்டிய 116-ம் நிற்கிறது. அவர் கையில் 1,200 கூடுகிறது, உன் மில்லுக்கு 1,200 மிச்சமாகிறது, பென்ஷன் மொத்தமாகப் போகிறது. இந்த மூன்று வரியை ஒரு தொழிலாளியிடமாவது தாளில் எழுதிக் காட்டினாயா? காட்டிய பிறகும் வேண்டாம் என்றாரா? இது வேண்டும் வேண்டாம் என்று கேட்டுச் செய்கிற விஷயமும் இல்லை. ஹெல்மெட் வேண்டாம் என்றால் போலீஸ்காரர் விட்டுவிடுகிறாரா?

இன்னொரு வாதமும் வரும். "சார், இத்தனை பாடு பட்டு அந்தம்மாவுக்கு என்ன வந்துரும்?" கணக்கைப் போடுவோம். சராசரிச் சம்பளம் 10,000 என்றால், பத்து வருடத்துக்கு, 58 வயதில் மாதம் 1,428 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியம் என்று 2014 செப்டம்பரில் வைத்த 1,000 ரூபாய் பதினோரு வருடமாக அப்படியே கிடக்கிறது. அது அவமானமான தொகை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொழிலாளிக்கு இந்தத் திட்டத்தின் மேல் மரியாதை இல்லாமல் போனதற்கு அரசும் காரணம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் இவளுக்கு அந்த 1,428 என்பது இன்ஹேலரும் பிரஷர் மாத்திரையும், மகனிடம் கை நீட்டாத ஒரு மாதமும். உங்களுக்குச் சின்னதாகத் தெரிந்தால் அந்தக் காசை நீங்கள் எடுத்துக்கொள்ளாமல் அவளிடமே விட்டுவிடலாமே.

என் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் யோக்கியம் இல்லை. நான் 2016-ல் ஓய்வு பெற்றேன். பழைய பென்ஷன், ஒன்றாம் தேதி பிறந்தால் வங்கியில் விழுகிறது. பள்ளியில் ஒரு நாளைக்கு எட்டு பீரியட். நான் எடுத்தது பெரும்பாலும் ஐந்து. மிச்சம் மூன்றும் என் பணிக்காலத்தில் சேர்ந்தன. மே மாத விடுமுறை முழுதும் சேர்ந்தது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் சேர்ந்தன. மழைக்கு லீவு விட்ட நாளும் சேர்ந்தது. நீ எத்தனை மணி பாடம் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது சரிதான், ஒரு மனிதனின் வேலைக்காலத்தை அப்படித்தான் எண்ண வேண்டும். எனக்குச் சரியானது அவளுக்கு எப்படித் தப்பாகும்?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகனிடம் போனில் இதைப் புலம்பினேன். அங்கே 1974-ல் வந்த சட்டப்படி, கம்பெனி பென்ஷனில் உரிமை பெற வருடத்துக்கு 1,000 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றான். 12 மணிக் கணக்கில் 84 நாள். கட்டட வேலைச் சங்கங்களில் பலவற்றில், இன்றைக்கு ஒரு கான்டிராக்டர், நாளைக்கு இன்னொருவர் என்று மாறினாலும், ஒவ்வொருவரும் மணிக்கு இவ்வளவு என்று ஒரே நிதியில் கட்டுகிறார்கள். சங்கத்துக்காரர் மணிக் கணக்கைச் சரிபார்க்கிறார். அமெரிக்காவில் தொழிலாளிக்குப் பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. மணியை எண்ண முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் மில்லில் ஒரு கோனில் எத்தனை கிராம் நூல் என்று கம்ப்யூட்டர் எண்ணுகிறது. எத்தனை முறை இழை அறுந்தது என்று எண்ணுகிறது. பாத்ரூம் போய் வர எத்தனை நிமிடம் என்பதையும் எண்ணுகிறார்கள் என்று அவள் சொன்னாள். எண்ணத் தெரியாமல் இல்லை.

2023 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கிறதா? 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். அப்போது நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தச் சட்டம் வராமலே இவள் பத்து வருடமாக 12 மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நம்மில் யாருக்கும் உறைக்கவில்லை. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். அவள் காலண்டரில் ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம்தான்.

இப்போது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. படிகளைக் கூட்டிக் கூட்டி அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கும் தந்திரத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, விலக்குகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்லது. (எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படியையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ஒரு பள்ளிக்கூட வழக்கு என்பதில் எனக்குச் சின்னத் திருப்தி.) ஆனால் ஓவர்டைம் புதிய விளக்கத்திலும் விலக்குப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கிறது. வராத ஆளாகக் காட்டும் கள்ளக் கணக்கை எந்தத் தொகுப்பு வந்து தடுக்கும்?

தடுக்க ஆள் வேண்டும். என் பெரியப்பா மதுரையில் மில் தொழிலாளி. அங்கே சங்கத்துக்காரர் ஒருவர் மாதம் பிறந்ததும் மஸ்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். அரை நாள் விட்டுப்போனாலும் கேட்டில் சத்தம் கேட்கும். இங்கே வேன் வைத்து ஊர் ஊராக ஆள் ஏற்றும் மில்களில் சங்கம் என்று வாயைத் திறந்தாலே மறுநாள் வேன் நிற்காது. முடியாத காரியமும் இல்லை. நம் மாவட்டத்திலேயே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், பெண்கள் மீதான கொடுமையைத் தடுக்க, பெண்கள் முன்நின்று நடத்தும் சங்கம் ஒன்று 2022 ஏப்ரலில் நிறுவனத்தோடும், துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகளோடும் ஒப்பந்தம் போட்டது. உலகம் முழுதும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று பேசுகிறார்கள். ஷிப்டுக்குள்ளேயே தொழிலாளிப் பெண்கள் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். அப்படி ஒருத்தி வருகைப் பதிவேட்டையும் மாதம் ஒருமுறை பார்த்தால் 236 நாள் காணாமல் போகுமா?

இவள் விஷயம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 10சி-யில் பணத்தை எடுக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எடுத்தால் அந்த 9 வருடமும் அழிந்துவிடும். அதற்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு, 58-க்குள் வேறு எங்காவது பி.எஃப். உள்ள வேலையில் நான்கு மாதம் சேர்ந்தாலும் பத்து ஆகிவிடும். மூச்சிரைப்போடு எந்த மில்லுக்குப் போவாள்? மாணவர்களில் யாராவது, உட்கார்ந்து பார்க்கும் வேலை, முறையாகப் பி.எஃப். பிடிக்கும் இடம் இருந்தால் சொல்லுங்கள். இன்னொரு பக்கம், 41 தாளையும் சீட்டுகளையும் வைத்துப் பி.எஃப். அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 7ஏ பிரிவில் விசாரித்தால் மில்லின் பதிவேடுகளை வரவழைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. 'இன்சென்டிவ்' என்று எழுதிய நாட்களில் அவள் கேட்டுக்குள் நுழைந்தாளா இல்லையா என்பது பயோமெட்ரிக் மெஷினில் இருக்கும்.

அந்த மில்லின் டைம் ஆபீஸில் இருந்தவன் ஒருவன் இதைப் படிக்கிறான். 1998 பேட்ச். தம்பி, உன்னைக் குற்றவாளி என்று நான் எழுதவில்லை. மேலே சொன்னதை எழுதியிருப்பாய், உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. விசாரணையில் நீ சொல்லும் ஒரு வார்த்தை என் 41 தாளைவிடக் கனம். வீட்டுக்கு வா, பேசலாம்.

மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில், தெருவில் மில்லுக்கோ கார்மென்ட்ஸுக்கோ போகிறவர்கள் இருந்தால் அவர்களுடைய யு.ஏ.என். எண்ணை வாங்கி, பணி விவரத்தில் என்.சி.பி. நாட்களைப் பாருங்கள். மில் மாறும்போதெல்லாம் பணத்தை எடுக்கவிடாமல் பழைய கணக்கைப் புதியதோடு சேர்க்கச் சொல்லுங்கள். கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், ஒரே ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பத்து வருடம் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் ஒரு மணி வரை வீட்டில் இருப்பேன். பாஸ்புக், சம்பளச் சீட்டு, எழுதி வைத்த காலண்டர் எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள். கால்குலேட்டர் வேண்டாம்.